வெற்றுக் கலத்தின் எடை: மலையகமும் மீள்நிரப்பு வணிகமும்

எதிர்காலத்துச் சுப்பர்மார்க்கெற் எவ்வாறு அமையும் என்பது பற்றி மேலை நாடுகளில் இன்று எழுதப்படுவனவற்றில் ஒரு காட்சி மீண்டும் மீண்டும் இடம்பெறக் காணலாம். அரிசி, பருப்பு, சீனி, எண்ணெய், சவர்க்காரத் திரவம் முதலியன பெரிய கொள்கலங்களில் நிறைந்திருக்கும். நுகர்வோர் தத்தம் வீட்டிலிருந்து கொண்டுவந்த போத்தலையோ பேணியையோ முதலிலே தராசில் வைத்து அதன் வெற்றெடையைப் பதிந்துகொள்வர். பின்னர் வேண்டியவளவு நிரப்பி, உள்ளிருக்கும் பொருளின் எடைக்கு மாத்திரம் விலை கொடுப்பர். வீசியெறிதற்கென்றே செய்யப்படும் பொதி என ஒன்று அங்கு இராது. பிரான்சு நாட்டில் 2021 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டமொன்று, 400 சதுரமீற்றருக்கு மேற்பட்ட விற்பனைப் பரப்புடைய கடைகள் 2030 அளவில் அப்பரப்பின் ஐந்திலொரு பங்கை இத்தகைய பொதியில்லா விற்பனைக்கு ஒதுக்கவேண்டும் என இலக்கு விதித்துள்ளது. 2025 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதியிடல் ஒழுங்குவிதியும் அத்தகு கடைகள் பத்திலொரு பங்கையேனும் மீள்நிரப்புக்கு ஒதுக்க முயலவேண்டும் என்கின்றது.

இக்காட்சியை ஹற்றன், நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்திலிருந்து நோக்குமிடத்து இரண்டு விடயங்கள் தென்படுகின்றன. எதிர்காலம் என இங்கு காட்டப்படுவது தோட்ட மக்களுக்கு அண்மைக்கால இறந்தகாலமே என்பது ஒன்று. மற்றையது, இக்காட்சியின் நடுவே சாதாரண தொழில்நுட்ப விவரம்போலக் கூறப்படும் ‘வெற்றெடை’ என்னும் சொல் தோட்டத் தொழிலாளிக்கு வெறும் தொழில்நுட்பச் சொல்லன்று என்பது. கலத்தின் எடையை யார் கணிக்கின்றார், யாருக்குச் சார்பாகக் கணிக்கின்றார் என்பது அவள் வாழ்நாள் முழுதும் அறிந்து வருந்திய வினா. மீள்நிரப்பு வணிகம் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் பொதியைப் பற்றியனவாகவே அமைந்துவிடுகின்றன. நாம் இங்கு தராசைப் பற்றியும் பேச விரும்புகின்றோம்.

முதலில் இறந்தகாலம். தோட்டத்தில் அரிசி சாக்கில் வந்தது, நிருவாகமே வழங்கியது, அதன் விலை கூலியிற் கழிக்கப்பட்டது. கொத்தாலும் சுண்டாலும் அளந்து கொடுத்தார்கள். பெற்றுக்கொள்வோர் தம் பெட்டியையோ துணியையோ கொண்டுசென்றார்கள். தேங்காயெண்ணெய்க்கும் மண்ணெண்ணெய்க்கும் கழுத்தில் நூல் கட்டிய போத்தல் ஒவ்வொரு காம்பராவிலும் தொங்கும்; கடைக்குப் போகும் பிள்ளையின் கையில் அது ஆடிக்கொண்டே செல்லும். கட்டிப்பால் வந்த பேணி காலியானதும் அரிசி அளக்கும் சுண்டாயிற்று. இலங்கையின் பல பாகங்களிலும் பால்பேணியே அளவைக் கருவியாகிவிட்டமை நாமறிந்ததே. மண்ணெண்ணெய் வந்த தகரம் பீலியில் நீர் பிடிக்கும் பாத்திரமாயிற்று. கோதுமை மா வந்த வெள்ளைச் சாக்கு துவைக்கப்பட்டுப் படுக்கை விரிப்பாகவும் பிள்ளைகளின் உள்ளாடையாகவும் மாறிற்று. உரம் வந்த சாக்கு, கொழுந்து பறிப்போரின் இடுப்பிற் படங்காகக் கட்டப்பட்டுச் செடியின் ஈரத்தையும் கீறலையும் தாங்கிற்று.

இதனைச் சூழற் பேணுகையின் பொற்காலம் எனப் போற்றும் மயக்கம் இன்று சிலரிடம் காணப்படுகின்றது. நாம் அதற்கு உடன்படுவதற்கில்லை. மாச்சாக்கை உடுத்தவர்கள் மீள்பயன்பாட்டுக் கொள்கையினால் அதனை உடுத்தவர்களல்லர். துணி வாங்கக் காசில்லாமையால் உடுத்தவர்கள். கிருமிநாசினி வந்த கொள்கலத்தைக் கழுவி வீட்டுக்கெடுத்த சம்பவங்களும் இவ்வறுமையின் பகுதியே. அங்கே மீள்பயன்பாடு நஞ்சாயிற்று. அளந்து கொடுக்கும் முறையிலும் அநீதிக்கு இடமிருந்தது. கொத்தின் மேல்வாயைத் தட்டி வழிப்பதா, குவித்து அளப்பதா என்பது அளப்பவரின் தயவைப் பொறுத்தது. கடைக்காரரின் கொப்பியில் எழுதப்படும் கடனோ மாதச் சம்பளத்தை முன்கூட்டியே விழுங்கியிருக்கும். பழைய நிரப்பு முறை ஒரு சமூக உறவு; அவ்வுறவு சமமானதாக இருக்கவில்லை.

பொதி என்பது எதற்காகத் தோன்றிற்று என்பதையும் சிறிது நோக்கவேண்டும். எம் இலக்கியங்களிலேயே அதற்குச் சான்றுண்டு. உப்பை நெல்லுக்குச் சம அளவாக மாற்றி விற்கும் உமணரைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. அங்கே விற்பவரும் வாங்குபவரும் எதிரெதிரே நிற்கின்றனர், பொதிக்குத் தேவையில்லை. பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிலோ பண்டங்கள்மீது சோழரின் புலி இலச்சினை பொறிக்கப்படுகின்றது. சிலப்பதிகாரம் அதே நகரின் பண்டசாலையில் உடையவர் பெயரும் எண்ணும் குறித்த பொதிகள் கிடந்தமையைக் கூறும். ஆக, பண்டம் தன்னை உடையவரிடமிருந்து நெடுந்தூரம் பிரிந்து செல்லும்போது, இல்லாத உடையவரின் சார்பில் பேசுவதற்காகவே பொதி எழுத்துப் பெறுகின்றது. இன்றைய வணிகச் சின்னம் இதன் நீட்சியே எனலாம்.

இப்பேச்சு முழு வளர்ச்சி பெற்ற பண்டங்களுள் தேயிலை முதன்மையானது என்பது மலையகத்தாராகிய எம்மால் மறக்கத்தக்கதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பலசரக்குக் கடைகளில் தேயிலை பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்தே விற்கப்பட்டது. கலப்படம் மலிந்திருந்தது. 1826 இல் ஜோன் ஹோர்னிமன் என்பார் முத்திரையிட்ட பொதிகளில் தேயிலையை விற்கத் தொடங்கினார். 1890 இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், கால், அரை, ஒரு இறாத்தல் பொதிகளாகத் தேயிலையைக் கட்டி, தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ச் சாடிக்கு வருவதாக விளம்பரஞ் செய்தார். கடைக்காரரின் கைத்தராசின்மீது நுகர்வோருக்கிருந்த ஐயத்தைப் பொதி தீர்த்துவைத்தது. அதேவேளை, கடைக்காரரிடமும் தோட்டத்திடமும் இருந்த பேரம்பேசும் வலுவைச் சின்னத்தின் உரிமையாளரிடம் கொண்டுசேர்த்தது. கூடை சுமந்த தமிழ்ப்பெண்ணின் படம் விளம்பரங்களில் உலகெங்கும் சென்றது. அவளுக்குத் தோட்டம் வழங்கியதோ தேயிலைத்தூள். அதனை வாங்கிச்செல்ல அவளே ஒரு பையைக் கொண்டுவரவேண்டியிருந்தது. உழைப்பை மறைத்து உழைப்பாளியின் உருவத்தைக் காட்டும் இவ்விநோதத்தை மார்க்ஸ் கூறிய பண்ட மாயைக்கு உதாரணமாக வகுப்பிற் காட்டலாம்.

தேயிலை மலையிறங்கிய கலத்தைப் பற்றியும் ஒரு குறிப்பு. ஒட்டுப்பலகையால் செய்து உட்புறம் உலோகத்தாள் பதித்த தேயிலைப் பெட்டிகள் நெடுங்காலம் வழக்கிலிருந்தன. புகையிரதப் பாதை 1885 இல் நானுஓயாவை எட்டியபின் அவை அவ்வழியே கொழும்புக்கு இறங்கின. அவற்றுள் ஒன்றேனும் மீண்டும் நிரப்பப்படுவதற்காகத் தோட்டத்துக்குத் திரும்பி வந்ததில்லை. இலண்டனில் அவை வீடு மாறுவோருக்குத் தட்டுமுட்டுப் பொருள் கட்டும் பெட்டிகளாக நீண்டகாலம் பயன்பட்டன. பின்னர் பலமடிக் கடதாசிச் சாக்குகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. குடியேற்றப் பொருளாதாரத்தில் கலம் ஒரு திசையிலேயே செல்லும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1916 இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் திறக்கப்பட்ட பிக்லி விக்லி என்னும் கடையில் வாங்குவோர் தாமே தட்டுகளிலிருந்து பொருளை எடுத்துக்கொள்ளும் முறை முதன்முதலில் ஏற்பட்டது. விற்பனையாளர் மறைந்த அவ்விடத்திற் பொதியே விற்பனையாளராயிற்று. இலங்கையில், 1844 இல் தொடங்கிய கார்கில்ஸ் நிறுவனம் நுவரெலியாவில் துரைமாரின் தேவைகளுக்கான கடையை நடத்திவந்தது. அக்கட்டடம் இன்றும் நகரின் நடுவே நிற்கின்றது. அந்நிறுவனமே 1983 இல் கொழும்பில் தன் முதலாவது ‘பூட் சிற்றி’யைத் திறந்தது. துரைமாரின் கடை எல்லோருக்குமான கடையாக மாறியது வளர்ச்சியே. ஆயினும் லயத்திலிருந்து நகரத்துக் கடைக்குச் செல்லப் பேருந்துக் கட்டணமும் அரைநாளும் வேண்டும். ஆதலால் அன்றாடக் கொள்வனவு தோட்டத்துச் சந்தியிலுள்ள சிறுகடையிலேயே நிகழ்கின்றது. அங்கே பொதி வேறொரு வடிவில் நுழைந்தது.

அவ்வடிவம் சஷே எனப்படும் சிறுபொதி. லயங்களில் அதனை ஷாம்பூ பக்கற் என்றே வழங்குவர். இது கொழும்பிலோ இலண்டனிலோ பிறந்ததன்று, தமிழ்நாட்டில் வளர்ந்தது. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் ஷாம்பூவைச் சிறு பொதிகளில் அடைத்து விற்க முயன்றோரில் முன்னோடி. செல்வர் பயன்படுத்துவதைக் கூலியாளும் பயன்படுத்தவேண்டும் என்பது அவர் எண்ணமாயிருந்ததென அவர் குடும்பத்தினர் கூறிவந்துள்ளனர். அவர் மகன் ரங்கநாதன் 1983 இல் தொடங்கிய நிறுவனத்தின் ‘சிக்’ ஷாம்பூ இம்முறையைப் பெருவணிகமாக்கிற்று. பன்னாட்டு நிறுவனங்கள் அதனைப் பின்பற்றி ஆசியா முழுவதும் பரப்பின.

சிறுபொதியை வாங்கும் தொழிலாளியை அறியாமையுடையவர் எனக் கூறுவது எளிது, தவறும் அதுவே. ஏழை சிறுகச் சிறுக வாங்குவதால் அதிக விலை கொடுக்கின்றார் என்பது பல பண்டங்களுக்குப் பொருந்தும். ஆனால் ஷாம்பூவைப் பொறுத்தவரை இந்தியச் சந்தையில் சிறுபொதியின் மில்லிலீற்றர் விலை பெரும் போத்தலின் விலையிலும் குறைவாக இருப்பதே பெரும்பாலும் வழக்கம். கையில் இருபது ரூபா உள்ளவருக்கு இருபது ரூபாவுக்குப் பொருள் தரும் ஒரேயொரு வடிவம் அது. இன்னொன்று: முத்திரையிட்ட பொதியில் யாரும் அளவைக் குறைக்க இயலாது. கொத்தும் தராசும் ஏமாற்றிய ஒரு சமூகத்துக்குச் சிறுபொதியின் அடைத்த விளிம்பு ஒருவகை நியாயமாகத் தோன்றிற்று. மீள்நிரப்பை முன்மொழிவோர் இதனைக் கணக்கிற் கொள்ளாது போவதே அவர்களது முதற்குறை.

பொதி நியாயமாயிருக்கலாம், அது போய்ச் சேரும் இடமோ அவ்வாறன்று. பீலிக்கரையிலும் லயத்துக் கான்களிலும் அடைந்து கிடக்கும் மினுமினுத்த தாள்களை எவரும் காணலாம். பலபடை பிளாஸ்ரிக்கும் உலோகப் பூச்சும் ஒட்டிய அவற்றைப் பிரித்தெடுத்து மீள்சுழற்சி செய்வது பயன்தராது. பழைய போத்தல் வாங்குபவரும் அவற்றைத் தொடமாட்டார். மழைக்காலத்தில் அவை கான்வழியே ஓடைக்கும், ஓடையிலிருந்து ஆற்றுக்கும் இறங்குகின்றன. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களைக் கடந்து களனி கங்கையாகின்றன. அக்கங்கையிலிருந்தே அம்பத்தளையில் கொழும்பு மாநகரின் குடிநீர் எடுக்கப்படுகின்றது. தலைநகரத்திலிருந்து மலையேறிய பொதி தலைநகரத்தை நோக்கியே திரும்புகின்றது, நிரப்பப்படுவதற்காக அன்று.

தோட்டத்து மக்கள் குப்பையைப் பேணத் தெரியாதவர் என்றொரு பேச்சு நகரங்களில் உண்டு. குப்பை வண்டி ஏன் அங்கு செல்லவில்லை என்னும் வினாவை அப்பேச்சு எழுப்புவதில்லை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை தன் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. 2018 இல் அச்சட்டம் திருத்தப்படும்வரை, வாக்களித்துச் சபையைத் தெரிவுசெய்த மக்களுக்கே அச்சபையின் துப்புரவுச் சேவை உரியதாகவில்லை. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்களின் வரலாற்றில் குப்பையும் ஓர் அத்தியாயம் பெறுகின்றது.

2021 மார்ச்சு மாதம் இவ்விடயத்திற் குறிப்பிடத்தக்கது. அம்மாதத்தின் தொடக்கத்தில் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலியை 1000 ரூபாவாக்கும் வர்த்தமானி வெளியாயிற்று. பல்லாண்டுப் போராட்டத்தின் பின் கிடைத்த தொகை அது. அம்மாத இறுதியில், 31 ஆம் திகதி, உணவும் மருந்தும் ஒழிந்த பொருள்களை 20 மில்லிலீற்றர் அல்லது 20 கிராமுக்கு மேற்படாத சிறுபொதிகளில் அடைத்து விற்பதற்கான தடை நடைமுறைக்கு வந்தது. இரண்டும் ஒரே அரசின் செயல்கள். ஒன்றையொன்று அறியாதனபோல் நிகழ்ந்தன. சிறுபொதியைத் தடைசெய்தவர்கள் அதனிடத்தில் எதனை வைப்பதென்று கூறவில்லை. நாட்கூலி உயர்வும், சிறுபொதிக்குப் பதிலாகப் போத்தலை ஒரே முறையில் வாங்கும் அளவினதாக அமையவில்லை. இடைவெளியை நிறுவனங்கள் நிரப்பின. யூனிலீவர் நிறுவனம் 6 மில்லிலீற்றர்ப் பொதிகள் நான்கினை ஒன்றாகப் பிணைத்து, மொத்தம் 24 மில்லிலீற்றர் எனக் காட்டித் தடையைத் தாண்ட முயன்றதை 2022 இல் ராய்ட்டர் செய்தி நிறுவனம் விரிவாக வெளிப்படுத்திற்று. லிப்டன் சின்னத்தையும் அதே ஆண்டு கைமாற்றும்வரை தன்வசம் வைத்திருந்தது இந்நிறுவனமே. ஒரு நூற்றாண்டுக்கு முன் தேயிலைப் பொதியால் வளர்ந்த சின்னமும், தேயிலை பறித்தவளின் காம்பராவில் கிழித்தெறியப்படும் சிறுபொதியும் ஒரே கணக்கேட்டில் இருந்தன.

பொலித்தீன் தொடர்பான பிற தடைகளும் உண்டு. மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து உயிர்கள் பலியான 2017 இன் செப்தெம்பரில் உணவுத்தாள் முதலியன தடைசெய்யப்பட்டன. 2025 நவம்பரிலிருந்து கடைகளில் பொலித்தீன் பை இலவசமாகக் கொடுக்கப்படுவதில்லை. இவற்றை விரித்துரைத்தல் இங்கு வேண்டியதில்லை. எல்லாத் தடைகளும் வாங்குபவர் கையிலுள்ள பொதியை நோக்கியனவே. நிரப்பிக்கொள்ளும் ஏற்பாட்டைக் கட்டியெழுப்புவன அல்ல.

இனி, தராசுக்கு வருவோம். கொழுந்து பறிப்போர் நாளில் இரண்டு மூன்று தடவை மடுவத்துக்குச் சென்று கொழுந்தை நிறுக்கின்றனர். கூடையோ சாக்கோ கொழுந்தோடு தராசிலேறும். கலத்தின் எடைக்கென்றும் இலையிலுள்ள ஈரத்துக்கென்றும் சில கிலோக்கள் கழிக்கப்பட்டு எஞ்சியதே அவள் பெயருக்கு எழுதப்படும். ஈரத்துக்குக் கழிப்பதில் நியாயமில்லை என்று நாம் கூறவரவில்லை. மழைநாளிற் பறித்த இலையில் நீர் நிற்பது உண்மையே. ஆனால் மழையில்லாத நாளிலும் அதே கழிவு கழிக்கப்படுகின்றது என்பதும், ஒரு நைலோன் சாக்கின் உண்மையான எடைக்கும் கழிக்கப்படும் எடைக்கும் தொடர்பில்லை என்பதும் மலையகமெங்கும் கேட்கப்படும் முறைப்பாடுகள். ஒரு நிறுவைக்கு இரண்டு கிலோ கழிக்கப்படுவதாகக் கொண்டால் மூன்று நிறுவைகளுக்கு ஆறு கிலோவாகும். பச்சைக் கொழுந்து ஆறு கிலோவிலிருந்து ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான தேயிலை கிடைக்கும். நாளொன்றுக்கு 18 கிலோ, 20 கிலோ எனத் தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும் அளவை எட்டாவிடின் அன்றைக்கு அரைப்பேர்தான். எனவே வெற்றெடையின் கணக்கு ஒரு நாளின் கூலியையே பாதியாக்க வல்லது. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களிலே கங்காணியும் கணக்கப்பிள்ளையும் எள்ளி நகையாடப்படுவதற்கு இத்தகைய கணக்குகளும் காரணமாயிருந்தன என்பதை அப்பாடல்களைச் சமூகவியல் நோக்கிற் படிப்போர் உணர்வர்.

ஹற்றனை அடுத்த தோட்டமொன்றில் நாம் சில பெண்களிடம், வீட்டுப் போத்தலைக் கொண்டுசென்று நிரப்பி, நிறுத்து வாங்கும் கடை பற்றி விளக்கினோம். சூழல் பற்றியோ பிளாஸ்ரிக் பற்றியோ எவரும் முதலிற் கேட்கவில்லை. போத்தலின் எடையை யார் பார்ப்பது என்று ஒரு மூதாட்டி கேட்டார். வாங்குபவரே பார்க்கலாம், எண் வெளியே தெரியும் என்றோம். ‘அப்படி ஒரு தராசை முதல்ல மடுவத்துக்குக் கொண்டு வாங்க தம்பி’ என்றார். சூழ நின்றவர்கள் சிரித்தார்கள். எமக்குச் சிரிக்க முடியவில்லை.

உலகின் அனுபவங்களையும் இந்த வினாவோடு வைத்து நோக்குவது பயனுடையது. 2019 இல் பெரும் ஆரவாரத்துடன் தொடங்கப்பட்ட ‘லூப்’ என்னும் முறையில், அறியப்பட்ட சின்னங்களின் பொருள்கள் உறுதியான கலங்களில் வந்தன. கலத்துக்கு வைப்புப்பணம் கட்டவேண்டும். பிரித்தானியாவின் ரெஸ்கோ அங்காடி 2021 இல் பத்துக் கடைகளில் இதனைப் பரீட்சித்து அடுத்த ஆண்டே நிறுத்திற்று. சிலி நாட்டின் ‘அல்கிராமோ’ வேறு திசையிலிருந்து வந்தது. சந்தியாகோ நகரின் ஏழை மக்கள் சிறுகச் சிறுக வாங்குவதால் மிகுதியாகச் செலுத்தும் பணத்தை ‘வறுமை வரி’ எனக் கண்டு, சிறுகடைகளில் பொறிகளை வைத்து, நூறு கிராம் வாங்கினாலும் பெருந்தொகையாக வாங்குவோரின் விலையிலேயே கொடுப்பதை அது நோக்கமாகக் கொண்டது. ‘கிராம் கணக்கில்’ என்பதே அப்பெயரின் பொருள். முன்னையது கலத்தை அழகுபடுத்திற்று. பின்னையது விலையைத் திருத்திற்று. மலையகத்துக்குப் பின்னையதே பாடம்.

ஜேர்மனியின் போத்தல் முறை இன்னொரு உண்மையைக் காட்டுகின்றது. அங்கே பல நிறுவனங்கள் ஒரே வடிவப் போத்தலைப் பொதுவாகப் பயன்படுத்துகின்றன. அதனால் எங்கு வாங்கிய போத்தலையும் எங்கும் திருப்பலாம், அருகிலுள்ள ஆலை அதனை நிரப்பலாம். கனிநீர்க் கண்ணாடிப் போத்தலொன்று ஏறத்தாழ 50 தடவை வரை சுழலும் எனக் கணிப்பர். கலம் தனிச் சின்னத்துக்குரியதாகாது பொதுவுடைமையாகும்போதே அது திரும்பி வருதல் இலகுவாகின்றது. இலங்கையர்க்கு இதனை விளக்க எரிவாயு உருளையே போதும். அது எம் வீடுகளிலுள்ள மிகப் பெரிய மீள்நிரப்புக் கலம். ஆனால் ஒரு நிறுவனத்தின் உருளையை மற்றையது ஏற்காது. 2022 நெருக்கடியில் வீதிகளில் சங்கிலியிட்டு வரிசையாக வைக்கப்பட்ட வெற்று உருளைகளையும், மண்ணெண்ணெய்க்காகக் கலங்களுடன் விடியுமுன் நின்ற தோட்ட மக்களையும் நினைத்துப் பார்த்தால், கலம் இருந்தும் நிரப்பப் பொருளில்லாதபோது மீள்நிரப்பு என்னும் சொல் எவ்வளவு வெறுமையானது என்பது புலனாகும்.

மிக நெருங்கிய உதாரணம் கடலுக்கப்பால் நீலகிரியில் உள்ளது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டோரிற் பலர் குடியமர்த்தப்பட்ட மலை மாவட்டம் அது. அவர்களுக்கு வேலை கொடுக்கவே அங்கு அரசுத் தேயிலைத் தோட்டங்கள் அமைக்கப்பட்டன. வனங்களில் உடைந்து கிடந்த மதுப் போத்தல்கள் யானை முதலிய விலங்குகளைக் காயப்படுத்துவதைக் கருதிய சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டலில், 2022 மே மாதம் முதல் அம்மாவட்ட டாஸ்மாக் கடைகளில் போத்தலொன்றுக்கு 10 ரூபா கூடுதலாகப் பெறப்பட்டு, வெறும் போத்தலைத் திருப்பியதும் மீளக் கொடுக்கப்பட்டது. பெரும்பாலான போத்தல்கள் திரும்பி வந்தன. பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் இத்திட்டம் பரவிற்று. குடித்தவரே திருப்பினார் என்றில்லை. எறியப்பட்டதை வறியவர் பொறுக்கித் திருப்பினாலும் அவருக்கு 10 ரூபா. உபதேசம் செய்யாததை வைப்புப்பணம் செய்தது. மதுக்கடை அரசின் தனியுரிமையாயிருந்தமை இதனை இலகுவாக்கிற்று என்பதையும் மறைத்தல் ஆகாது.

மலையகத்தில் இவ்வாறான ஏற்பாடு அமையவேண்டுமாயின் எதிர்கொள்ளவேண்டிய சில நடைமுறைச் சிக்கல்கள் உள. நுவரெலியாவின் ஈரக் காற்றில் திறந்த கொள்கலத்துச் சீனியும் உப்பும் கசிந்து கட்டியாகும். மாவிலே பூஞ்சணம் பிடிக்கும். ஆதலால் அங்கு முதலில் நிரப்பத்தக்கன திரவங்களே: ஷாம்பூ, சவர்க்காரத் திரவம், தேங்காயெண்ணெய். கண்ணாடியின் பாரம் மலைப்பாதையில் எரிபொருளைத் தின்னும். ஆனால் பொருளை ஏற்றிவரும் லொறி பெரும்பாலும் வெறுமையாகவே இறங்குகின்றது, வெற்றுக் கலம் அதிலே செல்லலாம். இவற்றிலும் முக்கியமானது கழுவும் வேலை. மீள்பயன்பாடு பற்றிய திட்டங்கள் பெரும்பாலும் இவ்வேலையைக் கணக்கில் எழுதுவதில்லை; ஏனெனில் அது பெண்ணின் கூலியில்லா உழைப்பு. காலை பிரட்டுக்கு முன்பும் மாலை நிறுவைக்குப் பின்பும் பீலிக்கரையில் நிற்கும் பெண்ணிடம் இன்னும் நான்கு போத்தல்களைக் கழுவக் கொடுப்பதைச் சூழற்புரட்சி என நாம் அழைக்கமாட்டோம். கழுவுதல் கடையின் பொறுப்பாகவும் ஊதியம் பெறும் தொழிலாகவும் இருத்தல் வேண்டும்.

நிறுவனம் புதிதாகத் தேடவேண்டியதில்லை. பல தோட்டங்களில் பதிவுசெய்யப்பட்ட வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் உள்ளன; தொழிலாளர் அவற்றின் அங்கத்தவர். சங்கத்தின் கடை மொத்தமாகத் திரவத்தை வாங்கி, ஒரே வடிவப் போத்தலை வைப்புப்பணத்துக்குக் கொடுத்து, 20 ரூபாவுக்கும் நிரப்பித் தருமானால் சிறுபொதியோடு அது போட்டியிட இயலும். பெரும் அங்காடிகள் இதற்கு முன்வருமெனக் காத்திருத்தல் பயனற்றது. சின்னம் அச்சிடப்படாத போத்தலில் அவற்றுக்கு ஆதாயமில்லை.

தராசு பற்றிச் சட்டம் ஏற்கெனவே உண்டு. 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம் வணிகத்திற் பயன்படும் நிறுவைக் கருவிகளைச் சரிபார்த்து முத்திரையிடுகின்றது. சங்கக் கடையின் தராசுக்கு அம்முத்திரை எவ்வளவு அவசியமோ, மடுவத்துத் தராசுக்கும் அவ்வளவே அவசியம். எண் இருபக்கமும் தெரியவேண்டும். வெற்றுச் சாக்கைத் தொழிலாளியின் கண்முன்னே ஒருமுறை நிறுத்து அவ்வெடையை மாத்திரம் கழிக்கவேண்டும். இரண்டு தராசுகளையும் ஒன்றாகக் கோருவதற்குத் தோட்டங்களிலுள்ள தொழிற்சங்கங்கள் இதுவரை முன்வந்ததை நாம் அறியோம். அம்மூதாட்டியிடம் நாம் மீண்டும் சென்றபோது அவர் எம்மிடம் கேட்டது அதைப்பற்றியே; கடை எப்போது திறக்கும் என்று அவர் கேட்கவில்லை.